சேலம் போய் வந்த கீரை

கீரை விற்பவர்களுக்கு ஓய்வு என்று தனியாக எதுவும் கிடையாது. சாயங்காலம் அறுக்க வேண்டும், அலசிக் கட்டுப் போட வேண்டும், ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும், இருட்டு விலகும் முன் எழுந்து முதல் பஸ்ஸுக்குப் போய் நிற்க வேண்டும். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சேலம் போகிற அந்த பஸ்ஸின் கண்டக்டர், என் மூட்டையைப் பார்த்ததுமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த நேரத்தில் எனக்கே என் மூட்டையைப் பிடிக்காது.

சேலம் மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரி கீரையை எடுத்துக்கொள்வார். அவர் சொல்வதுதான் விலை. வெயில் ஏறினால் கீரை ஆட்டுக்குத்தான் ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவரிடம் வீறாப்புப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. நாங்களும் இதையே சாப்பிடுகிறோம் என்பதால் மருந்து அடிப்பதில்லை. பூச்சி தின்றது போக மிச்சம்தான் எங்களுக்கு. அந்த மிச்சத்தைத்தான் இத்தனை வருஷமாகச் சேலத்துக்குச் சுமந்துகொண்டிருந்தேன்.

எங்கள் நிலத்தில் மற்றதெல்லாம் எப்போதோ குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, போய்விட்டது. கிணற்றை ஒட்டிய துண்டு நிலம் மட்டும்தான் கீரைக்கு. அதையும் விட்டுவிடச் சொல்லி என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். "கெழங்க நட்டு உட்டா வருசத்துக்கு ஒருக்கா லாரி வருது, அள்ளிட்டுப் போவுது. நீ எதுக்கு புள்ள இப்படிக் கெடந்து சாவறே?" என்பார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் முழங்கால்களும் அவர் கட்சிதான். கடைசியில் ஒருநாள், தை பிறந்ததும் அங்கேயும் குச்சி நட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். மனதில்லாமல் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னேன். விடிகிற வரைக்கும் தூங்கலாம் என்ற நினைப்பே பெரிய சுகமாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், சேலத்திலிருந்து வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். காய்கறி வண்டி வந்தது. தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் என்று ஸ்பீக்கரில் பதிந்து வைத்த குரல் கத்திக்கொண்டே இருக்கும். சேலம் மார்க்கெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற வண்டி. எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்து ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கட்டில் கத்திரிப்பூ நிறத்தில் நூல் சுற்றியிருந்தது.

எதிர்வீட்டில் தறி ஓடுகிறது. சேலை அறுத்த பிறகு மிஞ்சுகிற துண்டு நூலையெல்லாம் அவள் ஒரு பையில் சேர்த்து வைத்து எனக்குத் தருவாள். நான் கீரைக்கட்டுப் போடுவது அந்த நூலில்தான். அவள் தறியில் என்ன நிறம் ஓடுகிறதோ, அந்த மாதம் என் கீரைக்கும் அதே நிறம். அப்போது ஓடிக்கொண்டிருந்தது கத்திரிப்பூ நிறம்.

எழுந்து பின்னாலேயே போனேன். "அம்மிணி, இது எங்க கீரை" என்றேன்.

அவள் கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அட ஆமாங்கக்கா, நம்ம நூலு!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளித்து இலை நுனியெல்லாம் கறுத்திருந்தது. என் கையால் கட்டிய கட்டு, என் தலையில் ஏறி, பஸ்ஸில் சேலம் போய், டீசல் வண்டியில் திரும்பி வந்து, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் அதற்கு வாங்கிய விலையைப் போல இரண்டு பங்குக்கு மேல் அவள் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த வியாபாரியின் மேலா, வண்டிக்காரன் மேலா, இவள் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

"எதுத்தாப்ல வந்து கேட்டா நான் குடுக்க மாட்டனா?"

அவள் உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு வந்தாள். "குடுப்பீங்க. காசு வாங்குவீங்களா?"

நான் கட்டில் கறுத்திருந்த ஒரு இலையைக் கிள்ளிப் போட்டேன்.

"வாங்க மாட்டீங்க. மொதல்ல ரெண்டு தடவ வந்தனுங்களே, காச நீட்டுனா கையத் தட்டி உட்டீங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரதுங்க? புள்ள மாசமா இருக்குது. ரத்தம் கம்மியா இருக்குது, தெனமும் கீரை குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தெனமும் வந்து ஓசில வாங்க முடியுங்களா?"

உள்ளே அவளுடைய மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண். ஊர் முழுக்கப் பச்சையாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாடிய கீரையைத் தின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கறிவேப்பிலை, முருங்கைக்காய், எலுமிச்சை, ஒரு பிடி கீரை, இதற்கெல்லாம் தெருவுக்குள் யாரும் காசு வாங்க மாட்டார்கள். வாங்கினால், "கீரைக்குக்கூடக் காசு வாங்கறவ" என்ற பேர் சாகிறவரைக்கும் போகாது. கொடுப்பவள் காசு வாங்கமாட்டாள் என்பதால் வாங்குபவள் கேட்க மாட்டாள். இரண்டு பேருக்கும் மரியாதை கெடாமல், வண்டிக்காரருக்குப் பிழைப்பு நடக்கிறது. அவளைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கீழ்த் தெருவில் தக்காளி விளைகிறது. அவர்கள் என்னிடம் காசு வாங்க மாட்டார்கள் என்று நானும் வண்டியில்தான் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்து முட்டை எங்கெங்கோ கப்பல் ஏறிப் போகிறது என்று பெருமை பேசுவோம். தெருவைத் தாண்ட ஒரு கட்டுக் கீரைக்கு வழி இல்லை.

மறுநாள் சாயங்காலம் அறுத்த கையோடு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். சேலத்தில் எனக்குக் கிடைக்கிற விலையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. சேலத்தில் முன்பின் தெரியாதவரிடம் நீட்டுகிற கை, அவளிடம் நீள மறுத்தது. அவளே என் கையைப் பிடித்துக் காசை வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தக் காசை எண்ணாமலே டப்பாவில் போட்டு மூடினேன். ஏதோ சின்னப் புத்தியாக நடந்துகொண்டதுபோல வெட்கமாக இருந்தது.

பேர் கெட்டுவிடும் என்று பயந்தது வீண். நான் காசு வாங்கினேன் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள். "எனக்கும் ஒரு கட்டு வேணுங்க. காசு வாங்குனாத்தான்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு வீடாக. நானும் துணிந்து கீழ்த் தெருவுக்குப் போய்க் காசைக் கொடுத்துத் தக்காளி வாங்கினேன். தக்காளி கொடுத்த பெண்ணுக்கும் வியர்த்தது. சேலத்து மூட்டை இளைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் கண்டக்டருக்கு முகத்தைத் தூக்கி வைக்கிற வேலையே இல்லாமல் போய்விட்டது. அதற்காக ஓய்வு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்பு காலையில் ஒரு தடவை ஓடினேன். இப்போது ஆள் வரும்போதெல்லாம் எழுந்திருக்கிறேன். சமையலறையில் கால் வைத்தால் வாசலில் கூப்பிடுகிறார்கள்.

தை பிறந்தது. என் வீட்டுக்காரர் விதைக்குச்சி வெட்டிக்கொண்டு வந்து கிணற்றோரம் அடுக்கிவிட்டார். நான் கொடுத்த வாக்குத்தானே. கீரையைப் பிடுங்கிப் போட்டு உழ வேண்டியதுதான் பாக்கி. களைப்பாகத்தான் இருந்தது, சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் வரப்பில் நின்று, "நாளைக்கும் ரெண்டு கட்டுங்கக்கா, புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் என்னையே பார்த்தார். "நிறுத்தறேன்னு நீதான சொன்னே?"

சும்மா கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். ஏன் என்று ஒருத்தி கேட்டிருக்க மாட்டாள்.

"காசு வாங்கிட்டனுங்க" என்றேன். "இனி எப்படி நிறுத்தறது?"