மூன்றாவது ஜன்னல்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மகளை வழியனுப்பிவிட்டு வெளியே வந்தேன். விமான எண்ணெயின் வாடை மூக்கில் ஏறியதும் கார் பார்க்கிலேயே கால்கள் நின்றுவிட்டன.

எண்பதுகளின் தொடக்கம் அது. வாப்பா சவூதிக்கு வேலைக்குப் புறப்பட்டார். கல்முனையிலிருந்து வேன் பிடித்து, பாயும் சோற்றுப் பொதியுமாகக் குடும்பமே வந்திருந்தோம். வாப்பா உள்ளே போனதும் உம்மா எங்களை விமானம் பார்க்கும் மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெள்ளைச் சால்வையை ஆட்டுவதாக வாப்பா சொல்லியிருந்தார்.

விமானம் நகர்ந்தது. இதே வாடை, காதை அடைக்கும் இரைச்சல்.

"அந்தா, மூணாவது ஜன்னல்! வாப்பா சால்வைய ஆட்டுறார், கையக் காட்டுங்க புள்ளயள்!" என்று உம்மா கத்தினார்.

எனக்கு வெறும் கண்ணாடிதான் தெரிந்தது. ஆனாலும் அழுதுகொண்டே கையை ஆட்டினேன். உம்மா பயணத்துக்குக் காவலாக ஆயத்துல் குர்ஸி ஓதி, விமானம் புள்ளியாகி மறையும்வரை அதன் பக்கமாக ஊதிக்கொண்டே நின்றார்.

இறங்கி வந்தோம். வேனுக்குள் வாப்பா இருந்தார். மடியில் பெட்டி, கழுத்தில் அதே சால்வை.

"கள்ள விசாவாம். ஏசண்டுக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார், யாரையும் பாராமல்.

உம்மா அழவில்லை, ஏசவுமில்லை. வெளிறிய முகத்தோடு வேன் கதவைப் பிடித்தபடி கேட்டார்:

"அப்ப நான் ஓதி ஊதி அனுப்பினது ஆர?"

இன்று தலைக்கு மேலே விமானம் ஏறியது. நானும் ஓதினேன். ஊதுவதற்கு முன் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.