பொம்பளை வியாதி

செவ்வாய், வெள்ளி காலைகளில் மார்பக நோயாளிகளை மட்டும் பார்ப்பது என் வழக்கம். மற்ற நாட்களில் குடலிறக்கம், பித்தப்பைக் கல், சர்க்கரைக்காரர்களின் ஆறாத கால் புண் என்று ஒரு பொது அறுவை மருத்துவரிடம் வருகிறதெல்லாம் வரும். திருத்தணிக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு மார்பகத்தில் தனி ஈடுபாடு எதுவும் இருக்கவில்லை. ஆண் டாக்டரிடம் ரவிக்கையை அவிழ்க்க மனமில்லாமல் கட்டியை மாதக்கணக்கில் முந்தானைக்குள் வைத்திருந்த பெண்கள், ஆபரேஷன் செய்கிற பொம்பளை டாக்டர் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டும் வந்தார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களில் பலருக்கு நோய் கைமீறிப் போயிருந்தது. என்ன செய்வதென்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. அதனால் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய், என்னைவிட வயதில் சின்னவர்களோடு வார்டில் நின்று, மறுபடியும் மாணவியாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது.

அன்று வெளியே பெஞ்சு முழுக்கப் பெண்கள். கடைசியில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்குத் துணையாகக் கணவர்கள் வருவது வழக்கம்தான். அவர்கள் முறை வந்ததும் இருவரும் உள்ளே வந்தார்கள். சிஸ்டர் அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, "நீங்க வெளிய இருங்கப்பா" என்றார். நான் அந்த அம்மாவிடம் எத்தனை நாளாகக் கட்டி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு இல்லீங்க டாக்டர்மா," என்றார் அவர். "தோ, இவருக்கு."

கணவர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய வயது. வெயிலில் கறுத்த, எலும்பும் நரம்புமான உடம்பு. திருத்தணிக்குப் பக்கத்திலேயே சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் வைக்கிறவர். மனைவி எழுந்து இடம் விட, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தாரே தவிர சட்டைப் பொத்தானில் கை வைக்கவில்லை. சிஸ்டர் புரிந்துகொண்டு வெளியே போனார்.

பனியனில் இடது பக்கம் பழுப்பாகக் கறை இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்திருந்தது. அதன் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி, கல் மாதிரி. அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது.

"கரும்புச் சோகை உரிக்கறப்ப கிழிச்சிடுச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றார். "கரும்பு எல கத்தி மாதிரி இருக்குங்க. தோல் டாக்டரு மருந்து குடுத்தாரு. தடவிகினேதான் இருந்தேன்."

"உங்க கூடப் பொறந்தவங்க, உங்க அம்மா, யாருக்காவது மார்ல கட்டி வந்திருக்கா?"

"இல்லீங்க."

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். மனைவி அவரைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன்.

ஊசியால் சதை எடுத்து அனுப்பினோம். நான் எதிர்பார்த்த முடிவுதான் வந்தது. அடுத்த முறை இருவரையும் உட்கார வைத்து, புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லியே விளக்கினேன். அந்தச் சொல்லைச் சுற்றி வளைத்தால் பிறகு எல்லாவற்றையும் சுற்றி வளைக்க வேண்டியிருக்கும் என்பதைப் பழக்கத்தில் கற்றிருந்தேன். பயந்துபோவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு.

"இது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி தானேமா?"

"ஆம்பளைங்களுக்கும் அந்தச் சதை கொஞ்சம் இருக்குங்க. ரொம்ப அபூர்வமா அதுலயும் வரும்."

"ஊருக்குள்ள இன்னான்னு சொல்றது?"

பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை. அன்று முழுவதும் அந்த ஒரு கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்டார். மார்பை எடுக்க வேண்டும் என்றபோது, "எங்கிட்ட இன்னா கீது எடுக்கறதுக்கு?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரட்டும், கரும்பு போனதும் வந்து படுத்துக்கொள்கிறேன் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். அது ஆலைக்காரர்களுக்கே தெரியாது என்றார்.

அதுவரை அதிகம் பேசாத மனைவி அப்போது பேசினார். "கரும்பு எங்கயும் ஓடிப் போவாது. நான் நின்னு வெட்டிக்கறேன். நீங்க தேதி சொல்லுங்க டாக்டர்மா."

ஆணின் மார்பில் சதை மிகக் குறைவு. கட்டிக்கும் கீழே இருக்கும் தசைக்கும் நடுவே இடமே இருக்காது. அவருக்கு அது தசையைத் தொட்டிருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் தசையையும், அக்குளின் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தேன். தோலை இழுத்துச் சேர்ப்பது பெண்களுக்குச் செய்வதைவிடக் கடினமாக இருந்தது. மற்றபடி ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. நீர் வடிகிற குழாயையும் அதன் குப்பியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கடைக்குப் போகிறவர் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நெஞ்சில் கொழுப்புக் கட்டி, எடுத்தாகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். மகளுக்கும் மகனுக்கும்கூட அதுதான் சொல்லப்பட்டது.

கீமோவில் முடி கொட்டியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மலைக்கு வந்து முடி கொடுத்துவிட்டுப் போகிற மொட்டைத் தலைகள் கடைத்தெரு முழுக்க நடமாடுகிற ஊர் இது. என் பெண் நோயாளிகளுக்கும் இந்த ஊர் அந்த ஒரு விஷயத்தில் வசதி.

அதற்கப்புறம் கதிர்வீச்சு. இங்கே அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். அதற்கு வாரத்தில் ஐந்து நாள் சென்னைக்குப் போய் வர வேண்டும். அதே சமயம் என்னிடம் ஆபரேஷன் ஆன இரண்டு பெண்களும் அதே மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், இன்னொருவர் நகரிக்காரர். மூவருக்கும் ஒரே மின்சார ரயில். என் பெஞ்சில் பார்த்த ஆளை அந்தச் சத்துணவு அம்மா பிளாட்பாரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். அவரே பிறகு என்னிடம் சொன்னது:

"மொத நாளு எங்களப் பாத்துட்டு அடுத்த பொட்டிக்கு ஓடிட்டாரு டாக்டர். அரக்கோணம் தாண்டி நின்னுகினே வந்தாரு. ரெண்டாம் நாளு நானே போயி, அண்ணா, எடம் போட்டு வெச்சிருக்கேன், வாங்கன்னு இட்டாந்தேன். கை வலிக்குதான்னு கேட்டேன். ஆங்னாரு. அவ்ளோதான், அப்பால சகஜமாயிட்டாரு."

மூன்றாவது வாரம் அவர் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவர ஆரம்பித்தாராம். தோல் கறுத்து எரிகிற இடத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது, கை வீங்காமல் இருக்கச் சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியை எப்படிச் செய்வது என்பதெல்லாம் நான் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். அவர் அவற்றைச் செய்ய ஆரம்பித்தது அந்தப் பெண்கள் ரயில் பெட்டிச் சுவரில் செய்து காட்டிய பிறகு. நகரி அம்மா தெலுங்கிலேயே பேசுவார், இவர் தமிழிலேயே பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை.

பிறகு மாத்திரை. தினம் ஒன்று, பல ஆண்டுகளுக்குச் சாப்பிட வேண்டிய ஹார்மோன் மாத்திரை. சில மாதங்களில் மனைவி தனியாக வந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றார். மறுநாளே அவரை அழைத்து வரச் சொன்னேன்.

"மருந்துக் கடையில அம்மாவுக்கான்னு கேக்கறான்," என்றார் அவர். "ஆங், அவளுக்குத்தான்னு வாங்கிகினு வர்றேன். அதுகூடப் பரவால்லங்க. திடீர்னு உடம்பு பூரா நெருப்பு பத்திக்கிற மாதிரி இருக்குது. மூஞ்சி, கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. தூக்கமே வர்றது இல்ல. காரணமே இல்லாம கோவம் வருது."

"அது அந்த மாத்திரையால வர்றதுதான். கொஞ்ச மாசத்துல குறையும்."

மனைவி அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "எனக்கு தூரம் நின்னப்ப இதேதான் வந்துச்சு. நடு சாமத்துல எழுந்து தண்ணிய மோந்து தலைல ஊத்திக்குவேன். அப்ப இன்னா சொன்னீங்க?"

அவர் மடியிலிருந்த துண்டை உதறி மடித்தார்.

"ஒழுங்கா படுத்துத் தூங்குன்னு சொன்னீங்க. இப்ப நானும் சொல்றேன், ஒழுங்கா மாத்திரய முழுங்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. அதற்குப் பிறகு மாத்திரை நின்றதில்லை.

ஓர் ஆணுக்கு இந்த நோய் வந்தால் குடும்பத்தில் வழிவழியாக வருகிற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுப் போனார். ரத்தம் கொடுக்க வரவில்லை. அவருடைய மகள் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முப்பது சொச்சம் வயது, இரண்டு குழந்தைகள். அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று சொன்னபோது, "அவ புகுந்த வூட்டுல இன்னா நெனப்பாங்க?" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி மகளையும் அழைத்துவர, மூவருமாக வந்தார்கள். அம்மா சொல்லிவிட்டிருந்தார் என்பது மகளின் முகத்திலேயே தெரிந்தது.

"நைனா, கொழுப்புக் கட்டின்னு தானே சொன்னீங்க," என்றாள்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "மொத நாளு நீங்க ஒண்ணு கேட்டீங்க. கூடப் பொறந்தவங்களுக்கு இருந்துச்சான்னு. எங்க அக்காவுக்கு இருந்துச்சுங்க. மார்ல புண்ணு வெச்சி, நாத்தம் எடுத்து, மாட்டுக் கொட்டாய் பக்கத்து ரூம்ல படுக்க வெச்சிட்டாங்க. கல்யாணம் ஆவாத தங்கச்சிங்க இருந்தாங்க. வெளிய தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு எங்க அப்பா யாருக்கும் சொல்லல. வயித்து வலின்னு சொன்னாங்க. நான்தான் சாப்பாடு கொண்டு போயி வெப்பேன். அக்கா பேசிகினே இருக்கும். ஒரு நாளு பேசல."

மகள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றே அவர் ரத்தம் கொடுத்தார். கோளாறு இருந்தது. பிறகு மகளுக்கும் எடுத்தோம், அவளுக்கும் இருந்தது. இதைச் சொல்வது புற்றுநோய் என்று சொல்வதைவிட எனக்குச் சிரமமாக இருந்தது, ஏனென்றால் அவளுக்கு ஒரு நோயும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம், வருடா வருடம் ஸ்கேன் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆரோக்கியமான ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் குடுத்துட்டேன்," என்றார் அவர்.

"அண்ணனுக்கு நெலத்தக் குடுத்தீங்க, எனக்கு இதக் குடுத்தீங்க," என்றாள் மகள். விளையாட்டாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனைவி மகளின் முதுகில் லேசாக ஒரு அடி வைத்தார். அண்ணனும் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருந்த அவன் ஒரு மழைக்காலத்தில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு இல்லை.

அவள் ஒரு வருடமும் தவறவில்லை. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, ஸ்கேனில் பட்டாணியிலும் பாதியாக ஒரு புள்ளி தெரிந்தது. என் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. ஊசியால் சதை எடுத்து அனுப்பினோம். அதுதான். ஒரு பக்கம் மட்டும் எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம், ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன கஷ்டம் என்று விளக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் அவளும் கணவனும் வந்தார்கள். "ரெண்டையும் எடுத்துடுங்க டாக்டர்," என்றாள். "ஒண்ண வெச்சிகினு தெனம் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு இருக்க முடியாது."

நான் கணவனைப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் பழகி உரக்கப் பேசுகிறவன் அன்று மெதுவாகப் பேசினான். "அவ உடம்புங்க. அவ சொல்றதுதான்."

இருவருமாக எடுத்த முடிவில் எனக்கு மறுப்பு இல்லை. நெறிக்கட்டியில் எதுவும் பரவியிருக்கவில்லை. கீமோ தேவைப்படவில்லை. அவள் அப்பா சாப்பிட்ட அதே மாத்திரையை அவளும் சாப்பிட ஆரம்பித்தாள். அதே கோளாறால் சினைப்பையிலும் புற்று வரலாம் என்பதால், அதையும் பிறகு எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் நன்றாக இருக்கிறார். கரும்பை விட்டுவிட்டு இப்போது நெல் மட்டும் வைக்கிறார். கடைசியாக வந்தபோது மகளைப் பற்றி ஒரு புகார் வைத்திருந்தார்.

"தெரு பூரா சொல்லிட்டா டாக்டர்மா. கேன்சர்னே சொல்றா. தண்ணி புடிக்கிற எடத்துல, தறில, எல்லார் கிட்டயும். கட்டி இல்லன்னாகூட போய்ப் பாருங்கன்னு இட்டாந்து வுட்டுகினு கீறா."

"அதுல என்ன தப்புங்க?"

"என்னுதையும் சேத்து சொல்லிட்டாளே. எங்க நைனாவுக்கும் வந்துச்சுன்னு."

"யாராவது எதாவது சொன்னாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "சம்பந்தி கேட்டாரு, ஆம்பளைக்குமா வரும்னு. வரும்னேன்." சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை மாட்டினார். "சட்டயக் கழட்டிக் காட்டச் சொன்னாரு. காட்டனேன்."

அந்த மாதம் அம்மையார்குப்பத்திலிருந்து மகளின் தெருக்காரர்கள் மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவளுக்கு, அவளுக்கே தெரியாமல், வலது பக்கத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. அவளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தேன்.