தலையில் துண்டு இருக்கும்வரை

செய்தியோடு வந்த வேலுச்சாமி அதை உடனே சொல்லவில்லை. மார்கழிக் காலை. வாய்க்காலில் எங்கள் பக்கத்து முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்தவர் என்னைப் பார்த்ததும் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி வழிவிட்டு நின்றார். நான் போய் மடையைத் திறந்தேன். தண்ணீர் சரியான வயலுக்குத்தான் பாய்கிறதா என்று பார்த்தேன். திரும்பி வந்து துண்டை அவிழ்த்தேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "டீச்சர், நம்ம தெய்வானக்கா போயிட்டாங்க. விடியறப்பவேங்க."

வேலுச்சாமியைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மாடு கன்று போட்டதைக்கூட நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் சீம்பால் கறப்பவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு சாவுச் செய்தியை வைத்துக்கொண்டு சேற்றில் சும்மா நின்றார். ஏன் நின்றார் என்று சொன்னால் தெய்வானை அக்காவைப் பற்றிச் சொன்னதாகிவிடும். நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதுங்கள் என்று கேட்ட சமிதிக்காரர்களுக்கும், நல்லேப்பிள்ளியில் அவரை அறிந்த மற்றவர்களுக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்து வைத்திருப்பது எங்கள் பாடசேகர சமிதி. அதில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. கடைமடைக்கு முதலில் தண்ணீர் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். தலைமடைக்காரர்கள் முறைத்துப் பார்த்தும் அவர் மாற்றவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று கத்தினாலும் இரண்டையும் கேட்டு ஒரே மூச்சில் பதில் சொல்வார். நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமிதிக்குச் செயலாளர் என்று பெயர், உண்மையில் அக்காவுக்கு எடுபிடி. எங்கள் வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவே ஒரே வரப்பு. அதை யார் வெட்டிக் குறுக்கியது என்று காலையில் சண்டை போட்டிருக்கிறோம், மாலையில் அவர் வீட்டு மோர்க்குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அக்காவுக்கு முதலில் வலது கை நடுங்கியது. பாலக்காட்டில் காட்டியபோது பார்க்கின்சன் நோய் என்றார்கள். மாத்திரை வந்தது. எட்டு வைப்பது சிறுத்தது. ஊர் முழுக்க அந்தக் கையைப் பார்த்து உச்சுக் கொட்டியது. ஆனால் அக்காவை உள்ளே அரித்தது கை அல்ல. கோயில் நோன்புத் திருவிழா சமயம் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். விருந்தாட்கள் வரும் நேரம். அரிசி பாதி வெந்திருந்தது, காய் பாதி நறுக்கியிருந்தது, வாசலில் பால்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு அடுப்பையும் அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "அம்மிணி, எல்லாந் தெரியுது. எத மொதல்ல பண்றதுன்னு மட்டும் வரமாட்டேங்குது" என்றார். வயதானால் அப்படித்தான் என்று நான் சொன்னேன். "வயசு மெல்ல மெல்ல வரும். இது குறுக்க வந்து நிக்குது" என்றார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கேரளத்தின் தெற்கேயிருந்து வந்திருந்த இளம் டாக்டர் ஞாபகத்தைச் சோதிக்கக் கேள்விகள் கேட்டார். இது என்ன மாதம் என்று மலையாளத்தில் கேட்டதற்கு அக்கா யோசிக்காமல் "ஆடி" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாவம் என்று எழுதியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆடின்னா உங்க கர்க்கடகம்தான் சார். எங்க ஊர்ல நாத்து நடறது, கல்யாணம் வெக்கிறது எல்லாம் தமிழ் மாசம் பார்த்துத்தான்" என்றேன். அவர் நல்ல பிள்ளை. சிரித்து, மன்னிப்புக் கேட்டு, மற்றதையும் கேட்டு முடித்தார். அக்கா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். ஞாபகத்துக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

எனக்குப் பரம சந்தோஷம். ஜெயித்துக் கொடுத்த வக்கீல் தோரணையில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி வந்தவர், சித்தூர் தாண்டியதும் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சதயே கேட்டுட்டு அனுப்பிட்டாங்க. தெரியாதத ஆருமே கேக்கல." வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்றேன். பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "சோறு கொதிக்கறப்ப ஆராச்சும் வாசல்ல கூப்பிட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கோணும்."

அந்த நோய் கையோடு நிற்காது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றுவதையும், அடுத்தது என்ன என்று திட்டமிடுவதையும், சொல்லைத் தேடி எடுப்பதையும் தாமதமாக்கும் என்று பின்னால் வேறொரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். கேட்டதும் அக்கா அழுதார். துக்கத்தில் அல்ல. "அப்ப இது என்ற சோம்பேறித்தனமில்லைங்களே டாக்டர்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே மகனிடம் என்னைச் சொல்லச் சொன்னார். தான் சொன்னால் அவன் பாதியிலேயே எழுந்து போய்விடுவான் என்றார்.

அப்புறம்தான் அந்தத் தவறு நடந்தது. எங்கள் வரப்புகளில் பேசாமல் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே சம்பந்தம் பேசி முடிப்பார்கள். அன்று அக்கா ஒரு மடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தார். வழியில் வேலுச்சாமி நிறுத்தி, மகள் கல்யாணத்துக்குப் புடவை கோயமுத்தூரில் எடுப்பதா பாலக்காட்டில் எடுப்பதா என்று ஆரம்பித்தார். அக்கா நின்று நிதானமாக யோசனை சொன்னார். பிறகு நேராகப் போய், முந்தின நாள்தான் உரம் போட்டுத் தண்ணீரைக் கட்டி வைத்திருந்த வயலின் மடையைத் திறந்துவிட்டார். அது வேலுச்சாமியின் வயல். உரம் முழுக்கக் கரைந்து வடிகாலுக்குப் போனது.

"இனி அக்காவ ஊட்லயே உக்காரச் சொல்லுங்க" என்று அவர் போட்ட கூச்சல் வாய்க்கால் நெடுகக் கேட்டது. சமிதி கூடியது. யாரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் மோசம். ரெஸ்ட் எடுங்க, இத்தனை காலம் பார்த்தது போதாதா என்று ஆளாளுக்கு இனிக்க இனிக்கச் சொன்னார்கள். முந்தின நாள் அவர் என்னிடம் சொன்னது எனக்குத்தான் தெரியும். "ஊட்ல உக்கார வெச்சாங்கன்னா மிச்சம் இருக்கறதும் போயிரும் அம்மிணி. தண்ணி வருதுன்னு நெனச்சுத்தான் காலைல எந்திரிக்கறேன்."

அக்கா எழுந்து நின்றார். "நான்..." என்று தொடங்கி நின்றுவிட்டார். "முடியாதுன்னு சொல்றீங்களா?" என்றார் ஒருவர். "மன்னிப்புக் கேக்கறாங்க" என்றார் இன்னொருவர். நானும் சும்மா இருக்கவில்லை. பாதி வாக்கியத்தைப் பிடுங்கி முடித்து வைப்பது வாத்தியார்களுக்கு உள்ள நோய். "அக்கா என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று நானும் ஆரம்பித்தேன். அவர் நடுங்கும் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். "என்ற வார்த்தைய ஆரும் எடுத்துக் குடுக்காதீங்க. அது வந்துட்டுத்தான் இருக்குது. கொஞ்சம் வழிய உடுங்க."

அவர் மெல்ல மெல்லச் சொல்லி முடித்தார். தப்பு என்னுதுதான். வழி மறந்து போகவில்லை, மடை மறந்து போகவில்லை. ஒரு காரியமாகப் போகும்போது இன்னொன்றை உள்ளே விட்டால் முதலாவது விழுந்துவிடுகிறது. அதனால் இனிமேல் மடைக்குப் போகும்போது துண்டைத் தலையில் கட்டிக்கொள்வேன். "துண்டு தலையில இருக்கற வரைக்கும் எங்கூட ஆரும் பேசப்படாது. வேலை முடிஞ்சு அவுத்ததுக்கப்புறம் என்ன வேணும்னாலும் பேசுங்க." பின்வரிசையில் ஒருவர் குறும்பாக, "எழவுச் சேதின்னா என்னங்க்கா பண்றது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எழவுச் சேதின்னாலும் பேசப்படாது. செத்தவங்க எங்க போயிரப் போறாங்க? தண்ணிதான் போயிரும்."

ஒரு முறை பார்க்கலாம் என்று முதலில் ஒத்துக்கொண்டவர் வேலுச்சாமிதான். மனுசன் கத்துவார், ஆனால் வன்மம் கிடையாது. அவருக்குத்தான் அது பெரிய தண்டனையாகவும் இருந்தது. அக்கா எதிரே வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பை விட்டு இறங்கி நிற்பார். பல போகங்கள் அப்படி நடந்தன. மடை மாறவில்லை. போகப் போக, தண்ணீர் திறக்கப் போகும் மற்றவர்களும் தலையில் துண்டு கட்டத் தொடங்கினார்கள். கவனம் சிதறுவதற்கு நோய் வேண்டியதில்லை என்பது அவரவருக்குத் தெரிந்துதான் இருந்தது, சொல்லத்தான் வெட்கமாக இருந்திருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். நோய் நம் வசதிக்கு நிற்பதில்லை. ஒரு தை மாதம், மடையருகே போய் நின்ற அக்கா குனியவே இல்லை. நான் என் வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பேசவில்லை, எதுவும் குறுக்கிடவில்லை. இருந்தும் அடுத்தது என்ன என்று அவருக்கு வரவில்லை. நான் பக்கத்தில் போனேன். அவர் தன் சிவப்புத் துண்டை அவிழ்த்தார். நடுங்கிய கையாலேயே என் தலையில் கட்டிவிட்டார். முடிச்சுப் போட நெடுநேரம் ஆனது, உதவி செய்ய நான் கையைத் தூக்கவில்லை. "இனி நீயே போ அம்மிணி. பேசாமப் போ" என்றார். நான் பேசாமல் போனேன். மடையைத் திறக்கும்போது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அவரை யாரும் விலக்கவில்லை, அவரே விலகினார் என்பதை இன்று கூட்டத்தில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் அவர் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. சென்ற மாதம் பார்க்கப் போனபோது என் முகத்தையே பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். "தண்ணி வேணுங்களா அத்தை? திரும்பிப் படுக்கறீங்களா?" என்று மருமகள் பதறினாள். பாவம், அவளும் எதைத்தான் செய்வாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். என் வாயிலும் பத்து வார்த்தைகள் தயாராக இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. அப்புறம் வந்தது: "மடைய... அடச்சியா?"

அடைக்கவில்லை. வயலிலிருந்து நேரே வந்தவள் நான். காலெல்லாம் சேறு, அதை அவர் பார்த்திருக்கிறார். நான் எழுந்து ஓடினேன். பின்னால் கேட்ட சத்தம் இருமலா சிரிப்பா என்று அப்போது தெரியவில்லை. சிரிப்புதான் என்று மருமகள் அப்புறம் சொன்னாள். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

அந்த மார்கழிக் காலையில், செய்தியைக் கேட்டதும் வேலுச்சாமி மீது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வந்தவுடனே சொல்ல வேண்டியதுதானே என்று சத்தம் போட்டேன். "எப்படிங்க டீச்சர் சொல்றது? துண்டு இருந்துச்சுங்களே" என்றார். "எழவுச் சேதின்னாலும் பேசப்படாதுன்னு அக்காதானுங்களே சொன்னாங்க." முழங்கால் வரை சேறோடு நின்று அந்த மனுசன் அழுதார். நானும் அழுதேன்.

எடுக்கும் நேரத்தில் அக்காவின் மகன் என்னிடம் வந்து, அம்மாவின் துண்டை அவரோடேயே வைத்து அனுப்பிவிடலாமா என்று கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. அவன் காத்திருந்தான், வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. வேண்டாம் தம்பி, அது எனக்கு வேண்டும் என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் துண்டு. அதோடு, எதிரே இருப்பவர் சொல்லைத் தேடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம். முதலாவது எளிது, இரண்டாவது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

மறுநாள் அடுத்த சுற்று தொடங்கியது, கடைமடைக்கு முறை. துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எதிரே வந்தார்கள். எல்லோரும் சேற்றில் இறங்கி வழிவிட்டு, பேசாமல் நின்றார்கள்.