"விடு" என்றார் ஜோஸ் அண்ணன்

உத்தமபாளையத்தில் மாலைதோறும் கால்பந்து ஆடும் எங்கள் அணியோடு சேர்ந்து விளையாட, ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுளிப் பக்கமிருந்து இரண்டு தொழில்முறை வீரர்கள் வந்தார்கள். மூத்தவர் ஜோஸ் அண்ணன். அடுத்த மாதம் அவர் ஒரு பெரிய கிளப்பில் சேரவிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் அவருடைய குடும்பம் இருந்தது.

கால் மணி நேரத்தில் எங்கள் தரம் எங்களுக்கே விளங்கிவிட்டது. பந்து அவர்கள் காலைவிட்டு விலகவில்லை. என் காலிலோ நிற்கவே இல்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நண்பன் ரபீக் கத்தினான்: "ஏலே கேப்டன், பந்த அவுககிட்ட குடுத்துட்டு இங்கன வந்து உக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த பந்து உயரமாக வந்தது. பின்னாலிருந்து ஓடிவந்த ஜோஸ் அண்ணன், "விடு!" என்றார். அந்த கோலை நான்தான் போட வேண்டும் என்று நானும் பாய்ந்தேன். மோதி விழுந்தோம். என் முழு எடையும் அவருடைய முழங்கால்மேல் இறங்கியது.

"நான் சொன்னது கேட்டில்லையா, மோனே?"

"கேக்கலண்ணே."

"சாரமில்ல, பரவாயில்ல" என்று வலியோடு என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவர் அந்த கிளப்பில் சேரவில்லை. அதன் பிறகு ஆடவே இல்லை என்று, அன்று உடன் வந்தவர் பின்னர் போனில் சொன்னார். எனக்கு மாலைப் பொழுதுபோக்காக இருந்தது, அவருக்குப் பிழைப்பாக இருந்திருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது "விடு" என்றால், எனக்கு உரிய பந்தாக இருந்தாலும் நின்றுவிடுகிறேன். ஜோஸ் அண்ணனின் எண் என்னிடம் இருக்கிறது. "அண்ணே, அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.