மீன் பாத்திக்கு ஒரு ரிலீவர்

அய்யாசாமி நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் ஊறிப் பொங்குகிற தண்ணீரை இரவு பகலாக வெளியே தள்ளுவது அவர் வேலை. பம்ப் நின்றால் சுரங்கம் குளமாகிவிடும், ஆகவே பம்ப் நிற்கக் கூடாது. வாழ்க்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மொத்தமே அவ்வளவுதான். அதை வைத்தே ஒப்பேற்றிவிட்டார்.

ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கையில், ஏதோ விவசாயப் பத்திரிகையைப் படித்துவிட்டு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மீன் பாத்தி கட்டினார். நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி ஜிலேபி மீன்குஞ்சுகளை விட்டார். இன்னொரு டிரம்மைப் பாதியாக அறுத்து, மேலே செங்கல் அடுக்கி உட்கார வைத்து, ஜல்லியைக் கொட்டி வெண்டையும் தக்காளியும் நட்டார். ஏர்கூலரில் போடுகிற குட்டி மோட்டார் ஒன்று கீழே இருக்கும் அழுக்குத் தண்ணீரை மேலே ஏற்றும். செடிகள் மீன் கழிவைத் தின்றுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாகக் கீழே விடும். அது சலசலவென்று விழும்போது கலக்கிற காற்றில்தான் மீன்கள் மூச்சு விட்டன. முதல் தடவை குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றியதில் அத்தனை குஞ்சும் குளோரின் மருந்து நெடியில் செத்து மிதந்தன. அதற்கப்புறம் தண்ணீரை வெயிலில் வைத்து ஆறவிட்டுத்தான் ஊற்றினார்.

பார்க்க வந்த பக்கத்து பிளாக்காரர் ஒருவர், "கரண்ட் போச்சுன்னா மீனு கதி என்னாங்க?" என்று கேட்டுவைத்தார்.

"நெய்வேலில கரண்ட் போவுமா? ஊருக்கே கரண்ட் குடுக்கறவன் நானு" என்றார் அய்யாசாமி. கேட்டவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இந்தப் பாத்தி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மகள் தமயந்தி ஜெரால்டைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பம் போயிருந்தாள். மாப்பிள்ளை சர்ச்சுக்குப் போகிறவன் என்பதை அய்யாசாமி எப்படியோ மென்று விழுங்கிவிட்டார். அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் என்பதுதான் தொண்டையில் நின்றது. பர்மனென்ட் ஆளின் மகள் கான்ட்ராக்ட் ஆளுக்கா? அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மனைவி ஆதிலட்சுமி அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். மகள் ஒரு நாள் இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அய்யாசாமிக்கும் அதே ஆசைதான். ஆனால் பேச்சை எங்கே விட்டார், எங்கே பிடிப்பது என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். கையில் இருந்த பணத்துக்கு மந்தாரக்குப்பத்தில்தான் வாடகை வீடு அமைந்தது, மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. டிரம், ஜல்லி, மீன் எல்லாம் டிராக்டரில் வந்து சேர்ந்தன. டவுன்ஷிப்பைத் தாண்டினால் ஊர் முழுக்க மின்வெட்டு என்று பேச்சாக இருந்த வருடம் அது. குடிவந்த முதல் வாரமே, காலைப் பலகாரம் முடிந்த கையோடு கரண்ட் போனது.

மோட்டார் நின்றது. வந்துவிடும் என்று பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அய்யாசாமி கொல்லைக்கு ஓடினார். மக்கை எடுத்துத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். நுரை எழும்பியதும் மீன்கள் கீழே போயின. நிறுத்தினால் மேலே வந்தன. பன்னிரண்டு மணி வெயிலிலும் அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"சோறு ஆறிகினு இருக்குது, வாங்க" என்றாள் ஆதிலட்சுமி.

"ரிலீவர் வராம எப்பிடிப் போறது?" என்றார், பம்ப் ஹவுஸ் ஞாபகத்தில். அங்கே அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, நிலவரத்தை வாயால் சொல்லி ஒப்படைக்காமல் யாரும் இடத்தை விட்டு நகர முடியாது.

ஆதிலட்சுமிக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியாது. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். திரும்பி வந்தபோது கூடவே தமயந்தி இருந்தாள்.

"ரிலீவர் வந்தாச்சி. ஒப்படைச்சிட்டு வாங்க."

அய்யாசாமி மகளைப் பார்க்கவில்லை. ஆனால் சொல்லாமல் நகர்வது முறையில்லை. டிரம்மைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி மட்டம் சரியா இருக்குது. மோட்டார் நின்னுகினு இருக்குது. மக்கை ஒசத்திப் புடிச்சி ஊத்தணும். நிறுத்தக் கூடாது." பிறகு, ஒப்படைப்பில் சேராத ஒன்றையும் கேட்டார்: "சாப்ட்டியா?"

"இன்னும் இல்லப்பா. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

உள்ளே போய்த் தட்டின் முன் உட்கார்ந்தார். முதல் கவளத்தை உருட்டினார். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் அவள் மக்கை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். இரு, உட்கார் என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கவளத்தில் தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அய்யாசாமி எழுந்தார். எச்சில் கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் மோட்டார் சுவிட்சை அணைத்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். ஆதிலட்சுமி ஃபேனைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பக்கத்து வீட்டில் டிவி அலறத் தொடங்கியது. தெருக்கோடி மாவு மில்லும் ஓட ஆரம்பித்தது. இதெல்லாம் கொல்லைப்புறத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை.

தமயந்தி மக்கை நிறுத்தவில்லை.