தியேட்டரின் பக்கக் கதவு

எங்கள் ஊர்த் தியேட்டர் யுத்த காலத்தில் மூடியது. பிறகு கொஞ்ச நாள் நெல் மூட்டை, கொஞ்ச நாள் ஆடு, மற்ற நாளெல்லாம் வௌவால். என் மனைவியின் தம்பி அதைக் குத்தகைக்கு எடுத்தான். புதுக் கூரை, ஏசி, வர்ண விளக்கு எல்லாம் போட்டான். இனி அங்கே பாட்டும் நாடகமும் பகிடிக் கதையும் நேரில் நடக்கும் என்றான். பகிடிக்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் செலவில்லாத என்னிடம் வந்து சேர்ந்தான். நான் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன். வாசித்து யாரும் சிரித்ததற்குச் சாட்சி இல்லை.

சத்தம் வெளியே வரக்கூடாது என்பது பள்ளிவாசலின் நிபந்தனை. மச்சான் சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை அடித்தான். சோதனைக்கு என்னை உள்ளே கத்த விட்டான். வெளியே நின்ற ஆடு தலை திருப்பவில்லை.

தியேட்டரை ஒட்டிய குறுகிய ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் என் மூத்த சகோதரர், காக்காவின் வீடு. எங்கள் வழக்கப்படி அது மதினியின் வீடு. காக்கா அங்கே போய் வாழ்ந்த மாப்பிள்ளை. இரண்டு சிறுநீரகமும் போய், இரத்தம் சுத்திகரிக்க இனிப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டார். முதல் நிகழ்ச்சியைத் தள்ளி வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"தள்ளி வைக்கிறெண்டா நான் எப்ப மௌத்தாகிறெண்டு நாள் குறிச்சுத் தரோணும். அது என்ட கையில இல்லடா தம்பி," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ கதைக்கிறது எனக்குக் கேக்கோணும். அவ்வளவுதான்."

பஞ்சைத் தாண்டிக் கேட்க ஒரே வழி, முன்வரிசைக்குப் பக்கத்துக் கதவு. அது அவருடைய ஜன்னலுக்கு நேர். ஏசி குளிர் போகும், பள்ளிவாசல் ஏசும் என்று மச்சான் மறுத்தான். கடைசியில் என் பகுதிக்கு மட்டும் திறக்கச் சம்மதித்தான். "உங்கட பகிடிய ஆரும் சத்தமெண்டு சொல்லமாட்டாங்க," என்றான்.

நிகழ்ச்சியன்று பின்னேர அஸர் தொழுகை முடிந்து மண்டபம் நிறைந்தது. என் முறை வந்ததும் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் சலாம் சொன்னேன். சபை ஒரே குரலில் பதில் சொன்னது. முதல் பகிடிக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்கும் சிரித்தார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். பிறகு இரண்டு பேர். பெண்கள் பக்கத்திலும் எழும்பினார்கள். என்னை நோக்கி வைத்திருந்த ஒலிபெருக்கி என் குரலையே என் காதில் கொட்டிக்கொண்டிருந்தது, வேறெதுவும் கேட்கவில்லை. பிடிக்காமல் போகிறார்கள் என்று நினைத்தேன். பயந்தவன் செய்வதைச் செய்தேன், வேகமாகக் கதைத்தேன்.

"வெளியில போயும் தப்ப ஏலாது," என்றேன். "அங்கயும் கேக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் சட்டைப் பையிலிருந்து தொழுகைத் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். அதைக் கண்டும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த பகிடிக்குப் போனேன். மச்சான் மேடைக்கு வந்து மைக்கை நிறுத்தினான்.

அதற்குப் பிறகுதான், திறந்த கதவு வழியாக மதினியின் அழுகை எனக்குக் கேட்டது. சபைக்கு முன்னமே கேட்டிருக்கிறது.

டிக்கெட் எடுத்து வந்தவர்கள் அப்படியே ஒழுங்கையைக் கடந்து, மையத்து வீடாகிவிட்ட மதினியின் வீட்டுக்கு வந்தார்கள். காக்கா ஜன்னல் பக்கம் முகம் வைத்துக் கிடந்தார்.

"நீங்க சலாம் சொன்னது கேட்டிச்சு," என்றார் மதினி. "பதில் சொன்னாரு. 'தொடங்கிட்டான்' எண்டாரு. பொறகு ஒண்டும் கதைக்கல்ல."

எந்தப் பகிடி வரைக்கும் இருந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.