மாமாவைக் கரை சேர்த்தேன்

தை மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரே கவலை. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறார்களா, செல்போனைப் பார்த்துக்கொண்டே லாரிக்கு முன்னால் போய்விடுவார்களா என்று வாசலில் நின்று தலையெண்ணி அனுப்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும். நான் நடந்தபோது எனக்கு எட்டு வயது. என்னைப் பற்றி இப்படி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் குழுவில் முப்பத்தொரு பேர், எல்லோரும் பச்சை வேட்டி. பின்னால் சமையல் பாத்திரங்களோடு ஒரு மாட்டுவண்டி வரும். நடக்க முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் ஏறியவர்கள், முடிவில் எல்லோரும் கைகோத்துக் கடலில் இறங்கும் வரிசையில் சேர முடியாது. கரையில் உட்கார்ந்து துணிமணிக்குக் காவல் இருக்க வேண்டும். முந்தின வருஷம் அப்படி உட்கார்ந்த பெரியப்பா மகனைத் தெருவே ‘அண்டா’ என்று கூப்பிட்டது. அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர முருகனிடம் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

கரிசல் காடு முடியும்வரை மைல்கற்களை எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தேன். மூன்றாம் நாள் தூத்துக்குடி தாண்டி, இருபுறமும் உப்பளம் வந்த இடத்தில் கால் எரியத் தொடங்கியது. எல்லோரும் தூரத்தில் பச்சைப் புள்ளிகளாகிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வண்டிமாட்டின் சலங்கை கேட்டது.

அப்போதுதான் முன்வரிசையில் பாடிக்கொண்டு போன மாமா, என் அம்மாவின் தம்பி, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

“ஏலே மருமவனே, கால் வீங்கிட்டுடே. தனியா வந்தா என்னையத் தூக்கி வண்டியில போட்டுருவாவ. நீ கூட வாலே, மெள்ளமா நடப்போம்.”

பலசரக்குக் கடை முதலாளி, தொண்ணூறு கிலோ. அவரைக் கைவிட முடியுமா? என் வலியைப் பார்க்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று.

“அந்தக் கல்லு வரைக்கும் வாங்க மாமா. பொறவு உக்காரலாம்.”

“இன்னும் ஒரு கல்லா? என்னையக் கொல்லுதியேலே!”

காலையில் வலது காலை இழுத்தவர் சாயங்காலம் இடது காலை இழுத்தார். பாவம், இரண்டும் போய்விட்டது என்று இன்னும் கவனமாகக் கூட்டிப்போனேன். வண்டி பக்கத்தில் வந்ததும், அதனோடு நடந்து வந்த எங்கள் குழுத் தலைவர் குருசாமி எட்டிப்பார்த்தார்.

“என்ன சாமி, ஏறிக்கிடுதீரா?”

“நான் அப்பமே ஏறிருப்பேன் சாமி. எம் மருமவன் விடமாட்டேங்கானே!”

குருசாமி என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். எனக்கு ஓரடி உயரம் கூடிவிட்டது.

நான்காம் நாள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்காமல் காத்திருந்தார்கள். வரிசையில் எண்ணினேன், முப்பது பேர். அண்டா இந்த வருஷமும் துணிக்குக் காவல். “அரோகரா!” என்று இறங்கினோம். முதல் அலையே என் வாயில் பாதிக் கடலை ஊற்றியது.

கரையேறியதும் பானகமும் கருப்பட்டி மிட்டாயும் சுற்றி வந்தன. யாரோ காலி அண்டாவைக் கவிழ்த்துத் தாளம் போட, மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். குதித்தார். அலைக்கும் மணலுக்குமாக ஓடினார். மேலே இருந்து குனிந்து அவர் கால்களைப் பார்த்தேன். வீக்கமே இல்லை.

ஊர் திரும்பியதும் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: செந்தூர்க் கடலில் ஒரு முழுக்குப் போட்டால் எப்பேர்ப்பட்ட காலும் குணமாகும், கண்ணால் கண்ட சாட்சி நான். அம்மாவிடமும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாமி காரியத்தில் இப்படியா சிரிப்பது என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.